கருப்பட்டியும் இருபத்து மூன்று ஷரத்துகளும்

நான்காவது நாளும் கருப்பட்டி தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தட்டில் தயிர்ச் சோறு. குழைய வடித்து, ஆறவைத்து, உப்புப் போடாமல், புளிக்காத தயிர் விட்டுப் பிசைந்தது. நான் பக்கத்தில் கையில் குடையோடு காவல் நின்றேன். மதில் மேல் ஐந்தாறு காக்கைகள். ஒன்று தத்தித் தத்திக் கிட்டே வரும். நான் குடையை ஓங்குவேன். அது பறந்து முருங்கைக் கிளைக்குப் போகும். உடனே கருப்பட்டி தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ டிரைவர்கள் என்னை முறைத்திருக்கிறார்கள். அந்த நாய் பார்த்த மாதிரி ஒருத்தரும் பார்த்ததில்லை.

"என்னங்க, அவன் உங்கள வையுத மாதிரில்லா இருக்கு?" என்றாள் என் மனைவி எஸ்தர், அடுக்களை ஜன்னலில் இருந்து.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எதற்காக வைகிறான் என்பதுதான் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். கோமதி மதினி. எடுக்க மனசு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால் நாலு நாள் பின்னால் போக வேண்டும்.

மேற்படி நாய்

கருப்பட்டி பக்கத்து வீட்டு நாய். அந்த வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு தடவை உடன்குடிக்குக் கருப்பட்டி வாங்கப் போனார். திரும்பும்போது ஒரு ஓலைக் கொட்டானில் சரக்கும் இன்னொன்றில் நாய்க்குட்டியுமாக வந்து இறங்கினார். நிறமும் அதே நிறம், வந்த வழியும் அதே வழி என்பதால் பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அது ஆயிற்று பதினோரு, பன்னிரண்டு வருடம். இப்போது அவன் கிழவன்.

அண்ணாச்சி பத்திரம் எழுதுகிறவர். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீடுகளின் பத்திரம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். நான்கு எல்லையைச் சொல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. அவர் மனைவி கோமதி மதினிக்கு மதுரையில் இருதய ஆபரேஷன் என்று முடிவானதும், நாயை என்னிடம் விட்டுப் போக இரண்டு முழுத்தாளில் ஒரு பத்திரமே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

'மேற்படி நாய்க்குக் காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் பால். மேற்படி பாலில் சீனி கூடாது.'

'மேற்படி நாய் சுத்த சைவம் ஆனபடியால் முட்டை, மீன், மாமிசம் இவற்றைக் கண்ணில் காட்டவும் கூடாது.'

'முற்பகல் பதினொரு மணிக்குத் தயிர்ச் சோறு. மேற்படி சோற்றில் இதர பிராணிகள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது.'

இப்படி இருபத்து மூன்று ஷரத்துகள். எந்த வாசல் வழியாக வெளியே கூட்டிப்போவது, எந்தக் கரண்ட் கம்பத்தில் நிற்பான், எதைத் தாண்டிவிடுவான் என்பதுவரை இருந்தது. கடைசியில் எனக்குக் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார். போட்டேன்.

"விட்டுப்போனது ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?"

"காலம் பூரா எழுதிக்கிட்டு இருக்கேன் வே. என் பத்திரத்துல விட்டுப்போகுமா?"

அவர் போனபிறகு மதினி மதில் பக்கம் வந்தார். இரண்டு வீட்டுக்கும் பின்கட்டில் ஒரே மதில்தான். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த நாலடி நடந்ததற்கே அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

"தம்பி, போற எடத்துல என்ன நடக்குமோ எனக்குத் தெரியாது. இவன் சாப்பிட்டான்னு மட்டும் தெனமும் ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

"நல்லா சாப்பிடுவான் மதினி. நீங்க தைரியமா போயிட்டு வாங்க" என்றேன். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு நாய் தெரியும் என்று சொன்னது யார்?

நான் இதுவரை நாய் வளர்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் என் அறையில் மேசைக்கு அடியில் எப்போதும் இரண்டு மூன்று தெருநாய்கள் சுருண்டு கிடக்கும். அண்ணாச்சி அந்த வழியாக வரும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறார். "நம்ம தானியேலு காலடியில நாய் கெடக்கும் வே. அவருக்கு அந்த ராசி" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

என் மேசைக்கு நேர் மேலே ஃபேன் இருந்தது. மொத்த பஸ் ஸ்டாண்டிலும் ஒழுங்காகச் சுற்றிய ஃபேன் அது ஒன்றுதான். நாய்கள் வந்தது அதற்காக. இதை அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம். ராசிக்காரன் என்று ஒருத்தர் சொல்லும்போது இல்லை என்று மறுக்க எவனுக்கு மனசு வரும்?

நல்ல காப்பாளர் ஆவது எப்படி

முதல் நாள் கருப்பட்டி பாலை மட்டும் இரண்டு நக்கு நக்கினான். சோற்றைத் தொடவில்லை. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அண்ணாச்சி போன் போட்டு மதினியிடம் கொடுத்தார்.

"சாப்பிட்டானா தம்பி?"

"தட்டையே நக்கிட்டான் மதினி."

பொய் எவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். போனை வைத்ததும் எஸ்தர், "ஒம்பதாங் கட்டளைய இவ்வளவு லேசா முடிச்சிட்டீகளே" என்றாள். நான் எங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டியில் இருக்கிறவன். அவள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள். எங்கள் வீட்டில் கட்டளைகளை எண் போட்டுத்தான் சொல்வோம்; ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது.

இரண்டாம் நாள் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பிறர் வீட்டு நாயைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்கிறீர்கள்! ஒரு பெண், நாய் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுங்கள், தைரியம் வரும் என்றது. அடுத்து ஒரு தாடிக்காரர், நாய் சாப்பிடும்போது ஆளே அங்கே இருக்கக் கூடாது என்றார். ஒருத்தர் கண்ணைப் பார்க்கச் சொன்னார். ஒருத்தர் கண்ணை மட்டும் பார்த்துவிடாதீர்கள் என்றார். நான் எல்லாவற்றையும் செய்தேன். உட்கார்ந்து பேசினேன், எழுந்து போனேன், பார்த்தேன், பார்க்காமல் இருந்தேன். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நான் நடந்த நடையைப் பார்த்துக் கருப்பட்டிக்கே தலை சுற்றியிருக்கும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சாளைக் குழம்பு. "ஒரே ஒரு மீனு வச்சுப் பாப்பமா?" என்றாள் எஸ்தர். ஷரத்து நாலு என்றேன். "பட்டினி கெடக்குத நாய்க்கு ஷரத்தாக்கும்!" என்றாள். நான் மதில் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். பார்க்காவிட்டால் பாவத்தில் பாதிதானே! கருப்பட்டி மீனை மோந்து பார்த்தான், இரண்டு தும்மல் போட்டான், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு மதினியே நேரில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறந்து பார்த்தது, வயிற்றை அமுக்கிப் பார்த்தது.

"காய்ச்சல் இல்ல, பல்லுல கோளாறு இல்ல. ஏங்கிப்போயிருக்கான் சார். வயசான உடம்பு. இன்னும் ரெண்டு நாளு இப்படியே போச்சுன்னா சிறுநீரகம் தாங்காது. வளத்தவங்ககிட்டச் சொல்லிருங்க."

குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியது. ஆட்டோவில் அவன் தலை என் மடியில் கிடந்தது. கனமே இல்லை.

வளர்த்தவர்களிடம் எப்படிச் சொல்வேன்? ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள். பிரஷர் கொஞ்சம் ஏறினாலும் தள்ளிவைத்துவிடுவார்களாம். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது. இன்னொரு தடவை தள்ள இருதயத்தில் தெம்பு இல்லை என்று அண்ணாச்சி தனியாகச் சொல்லியிருந்தார். சொன்னால் மதினிக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் நாய் போய்ச் சேர்ந்துவிடும். அன்று சாயங்காலமும் "சாப்பிட்டான் மதினி" என்றேன். இந்தத் தடவை வழுவழுப்பாக வரவில்லை.

சீவலப்பேரி வண்டி

இடையில் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் இசக்கி என்று ஒரு டிரைவர். காலை முதல் நடையில் தினமும் நாலு நிமிடம் தாமதம். நானும் தினமும் எழுதி வைப்பேன். விளக்கம் கேட்டு ஓலை போகும். மனுஷன் வாயைத் திறக்க மாட்டார்.

ஒருநாள் நானே அந்த நடையில் ஏறிவிட்டேன். வழியில் வயற்காட்டு நடுவே ஒரு பாலத்தில் வண்டியை நிறுத்தினார். அது ஸ்டாப்பே இல்லை. பார்த்தால், வரப்பு மேலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேற்றுக் காலோடு ஓடி வருகிறார்கள். நடவுக்குப் போகிறவர்கள். அந்த வண்டியை விட்டால் அன்றைக்கு அவர்களுக்கு வேலை இல்லை. கடைசி ஆள் ஏறும்வரை இசக்கி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன்.

"இதுல சொல்லுததுக்கு என்ன சார் இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றார்.

டைம் கீப்பருக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. கருப்பட்டி பட்டினி கிடந்த அந்த நாட்களில் இசக்கியின் முகம் திரும்பத் திரும்ப வந்தது, அவ்வளவுதான்.

போன்

சரி, குடையும் கையுமாக நின்ற இடத்துக்கு வருகிறேன். வழக்கமாகச் சாயங்காலம் வருகிற போன் அன்று காலை பதினொரு மணிக்கே வந்தது.

"தம்பி, நாளைக்கு ஆபரேஷன். மத்தியானத்துக்கு மேல போனு தர மாட்டாங்களாம். அதான் இப்பமே கூப்பிட்டேன்." மதினி குரல் நூல் மாதிரி வந்தது. "அங்கன காக்கா சத்தம் கேக்கே. காக்காவுக்கு வச்சாச்சா?"

"காக்காவுக்கா? அதத்தான் மதினி வெரட்டிக்கிட்டு நிக்கேன். நாலு நாளா கொடையும் கையுமாத்தான் நிக்கேன்."

மதினி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"வெரட்டுதீங்களா?"

"ஷரத்து ஒம்பது மதினி. இதர பிராணிகள் வாய் வைக்காம..."

"காக்காவுக்கு வைக்காம அவன் எப்படித் தம்பி சாப்பிடுவான்?"

கோபமாகக் கேட்கவில்லை. சாவி போடாமல் பூட்டு எப்படித் திறக்கும் என்று கேட்பதுபோல் கேட்டார். நான் குடையைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார்.

"அப்ப நாலு நாளா அவன் ஒண்ணும் சாப்பிடல."

"இல்ல மதினி."

"தட்ட நக்கிட்டான்னு சொன்னீங்களே தம்பி."

"சொன்னேன்."

என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டது இல்லை. நெஞ்சைப் பிளக்கப் போகிறவரிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை.

மதினி அழவில்லை. வையவும் இல்லை. "உங்க அண்ணாச்சிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். "ஒரு பிடி சோத்த எடுத்து மதில் மேல வைங்க. போன ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்க. நான் கூப்பிடுதேன்."

வைத்தேன். மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மதினி கூப்பிட்டார்.

"கா... கா... கா..."

கருப்பட்டி எழுந்து நின்றுவிட்டான். நாலு நாளாகத் தொங்கிக் கிடந்த காது இரண்டும் நிமிர்ந்தன. வாலை ஆட்டிக்கொண்டு மதிலையே பார்த்தான். ஆனால் போனில் இருந்து வந்த கரகரப்பைக் கேட்டுக் காக்கைகள் மிரண்டு பறந்துவிட்டன. மதினி இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை பாதியில் நின்றது.

"மூச்சு முட்டுது தம்பி. நீங்க கூப்பிடுங்க."

நானா? எங்கள் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் கிடையாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டைப் பார்த்து நான் ஒருநாள் விளையாட்டாகக் கா கா என்று கூப்பிட, அம்மா தலையில் குட்டியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்தேன். சேகரத்து ஆள் யாராவது மாடியில் நின்றால் ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வரைக்கும் போய்விடும். எஸ்தரைப் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்கீக? கூப்பிடுங்க!" என்றாள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை.

"கா!" என்றேன். சீவலப்பேரி போகிறவர்கள் ஏறிக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொல்வதுபோல வந்தது. எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்ததைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டேன். மூன்றாவதற்கு முருங்கையில் இருந்து ஒன்று இறங்கி வந்தது. சோற்றை ஒரு கொத்து கொத்தியது. பின்னாலேயே மற்றவையும் வந்தன.

கருப்பட்டி அதைக் கடைசிவரை பார்த்தான். பிறகு நாலு நாளும் எதுவுமே நடக்காத மாதிரி பைய நடந்து வந்து தட்டில் வாயை வைத்தான்.

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். தகரத் தட்டு சிமெண்டுத் தரையில் கரக் கரக் என்று நகர்ந்தது.

"கேக்குதா மதினி?"

"கேக்குது" என்று வந்தது. "கேக்குது தம்பி."

நான் அழுதுவிட்டேன். எஸ்தர் பார்க்கிறாள் என்று தெரிந்தும் அழுதேன்.

பன்னிரண்டு வருடமாகத் தினமும் பதினொரு மணிக்கு அந்தக் 'கா கா'வைக் கேட்டவன் நான். அதை வைத்துக் கைக்கடிகாரத்தைச் சரி பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் நின்றபோது, வீடு பூட்டியிருக்கிறது, அதனால் அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஆளுக்கு ஒரு காரணம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதினி மதுரையிலேயே மகன் வீட்டில் தங்கிவிட்டார். மூன்று மாதம் இருக்கும். அதுவரை நான்தான் தினமும் பதினொரு மணிக்கு மதிலில் சோறு வைத்துக் கூப்பிட்டேன். குரலும் பழகிவிட்டது.

காக்கை சாப்பிட்டால் நாய் ஏன் சாப்பிட வேண்டும்? டாக்டர் பெண், பழக்கம் சார் என்றது. எஸ்தர், அவனுக்கு மதினி குரல்தான் வேண்டியிருந்தது என்றாள். அப்படியானால் மறுநாள் என் குரலுக்கு ஏன் சாப்பிட்டான்? எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒருநாள் வந்த அண்ணாச்சியிடம், பத்திரத்தில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது நாய் சம்பந்தப்பட்டது இல்லையே வே! அது வீட்டுல நடக்குத காரியம். முன்னோருக்கு வைக்காம எவனாவது சாப்பிடுவானா? இதப் போயி எவன் எழுதுவான்?" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் பென்சிலால் இருபத்து நாலு என்று எண் மட்டும் போட்டார். எதிரே என்ன எழுதுவது என்று அவருக்கும் ஓடவில்லை போலிருக்கிறது.

மதினி வந்த மறுநாள்

மதினி வந்தார். பாதி ஆளாகத்தான் வந்தார். கருப்பட்டி அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் குழைந்துகொண்டே அந்த வீட்டுக்குப் போய்விட்டான். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் பதினொரு மணி. அடுக்களையில் எஸ்தரும் நானும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

"கா... கா..."

பழைய குரல் இல்லை. காற்றுத்தான் அதிகம் வந்தது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காக்கைகள் முருங்கையில்தான் இருந்தன. ஆனால் அவை பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுக் கதவை. கருப்பட்டி மதிலில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, இந்தப் பக்கம் பார்த்து முனகிக்கொண்டிருந்தான்.

"அவன் தானியேல் தம்பியத் தேடுதான்" என்றார் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றது.

"தானியேலு! வே தானியேலு!" அண்ணாச்சியின் குரல். "இங்கன வந்து ஒரு சத்தம் குடும் வே!"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு உயிர் என்னைத் தேடுகிறது. எழுந்து போய் ஒரு 'கா' போட்டால் ஒரு நொடியில் முடிகிற காரியம். காப்பியை வைத்துவிட்டு எழுந்தேன்.

எஸ்தர் என் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீங்க இல்ல" என்றாள் குசுகுசுவென்று. "பேசாம இருங்க."

எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் ஜன்னலுக்குக் கீழே தரையில் திருடர்கள் மாதிரி உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் மதினி மறுபடி கூப்பிட்டார். இருமினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். எனக்கு அந்தக் 'கா' உதடு வரை வந்துவிட்டது. எஸ்தரின் கை தோளிலேயே இருந்தது. காப்பியில் ஆடை படிந்தது.

எத்தனை தடவை கூப்பிட்டார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் சிறகடிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை. பிறகு, அந்தப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில், கரக் கரக் என்று தகரத் தட்டு நகர்ந்தது.

எஸ்தர் என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

சாயங்காலம் அண்ணாச்சி மதில் மேல் சாய்ந்துகொண்டு கேட்டார். "காலைல எங்கன வே போனீரு? தொண்டை கிழியக் கத்துனேன்."

"மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி" என்றேன்.

எஸ்தர் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் எந்தக் கட்டளையையும் எடுக்கவில்லை.